கூடல் நகருக்கு அப்புறம்

ஆறு நாற்பது வண்டி
ஐம்பது நிமிடம் தாமதம் என்றார்கள்.
மூன்றாம் நடைமேடை, குழாயடிப் பக்கத்துப் பெஞ்சு.
ருமைஸாவுக்குச் சுண்டல் வாங்கித் தந்தாயிற்று.
எடை மிஷினில் இரண்டு தரம் ஏற்றியாயிற்று,
இரண்டு தரமும் பதினெட்டே முக்கால்.
இனி என்ன செய்வதென்று தெரியாமல்தான்
ஜீனோவை எடுத்தேன்.

அஞ்சல்வழியில் தத்துவம் படித்தவன் நான்.
இரண்டாம் வருடம், மூன்றாம் தாளில் முப்பத்திரண்டு.
இப்போது நெல்பேட்டையில்
மிக்சி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்.
ஃபீஸ் கட்டிய பாடம்
என்றைக்காவது ஒரு நாள் உதவாதா?

"கிரேக்க நாட்டில் ஒருத்தர் இருந்தாரு.
கிளம்புன யாரும் போய்ச் சேரவே முடியாதுன்னாரு."
"ஏன், பஸ் கிடைக்கலையா?"
"அதில்லம்மா. அம்மா திண்டுக்கல்லில் ஏறிட்டாங்க.
மதுரைக்கு வரணும்னா
முதல்ல பாதி தூரம் வரணும்ல?
வாடிப்பட்டி. சரியா?
மீதியில பாதி, சோழவந்தானைத் தாண்டி.
அதுல பாதி, சமயநல்லூர்கிட்ட.
அதுலயும் பாதி, கூடல் நகர்.
அப்புறமும் கொஞ்சம் இருக்கும்.
அந்தக் கொஞ்சத்துல பாதி,
அந்தப் பாதியில பாதி...
எப்பவும் ஒரு பாதி மிச்சம் இருந்துக்கிட்டே இருக்கும்."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது தப்பென்று.
சுண்டல் பொட்டலம் மடியில் அப்படியே இருக்க
உதடு பிதுங்கியது.
"அப்ப அம்மா வர மாட்டாளா?"

முப்பத்திரண்டு மார்க் சும்மா போடவில்லை அவர்கள்.

கடலை மிட்டாய் ஒன்று வாங்கிக் கையில் வைத்தேன்.
அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பாதியாக உடைத்தாள்.
பாதியைப் பாதியாக.
பிறகு நகத்தால், பிறகு பல்லால்.
ஒரு கடலைப் பருப்பு, அரைப் பருப்பு,
உள்ளங்கையில் பாகு ஒட்டிய ஒரு தூள்.
அதை என்னிடம் நீட்டிக் காட்டினாள்,
நாக்கால் ஒரே வழி வழித்தாள்.
"இப்ப எங்க இருக்கு பாதி?"

இரண்டாயிரத்து நானூறு வருடம்
பெரிய பெரிய தாடிகள் எழுதிய பதிலை
எச்சில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
அவள் எழுதி முடித்தாள்.

ஆனாலும் என் ஃபோனில்
நீலப் புள்ளி கூடல் நகரைத் தாண்டி நின்றுவிட்டது.
அவுட்டரில் சிக்னல் இல்லை.
கூடல் என்று பேர் வைத்துவிட்டு
கூட விடாமல் நிறுத்துகிற ஊர் இது.

அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு
வேறொன்றை நினைத்தேன்.
பௌசியாவின் மாறுதல் மனு
போன ஆடியில் பாதி மேசை கடந்தது.
ஐப்பசியில், மீதி மேசைகளில் பாதி.
தையில் ஒரு கையெழுத்து.
இப்போது ஒரே ஒரு மேசைதான் என்கிறார்கள்.
அதற்கும் ஒரு பாதி இருக்குமே.

அதை அவளிடம் சொல்லவில்லை.
எதைக் கொடுத்து உடைத்துப் பார்க்கச் சொல்வது?

வண்டி வந்தது.
சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் இறங்கிய பிறகு
தபால் ஆபீஸ் பையோடு அவள் இறங்கினாள்.
ருமைஸா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு
கேட்டது இதைத்தான்:
"நீ பாதி பாதியாவா வந்த?"
"ஆமாடி. பாதி சீட்டுதான் கிடைச்சுச்சு,
அதுவும் சோழவந்தான்ல."

வெளியே ஸ்கூட்டர்.
முன்னால் மகள், பின்னால் மனைவி, நடுவில் நான்,
மூன்று பேருக்கும் இடையில்
ஒரு பாதியும் நுழைய வழியில்லை.
சாவியைத் திருகும்போது
கைப்பிடிக்கு நடுவிலிருந்து அந்தச் சின்னத் தலை திரும்பியது.

"அத்தா, அவரு சொன்னது நிசந்தான?
அப்ப திங்கக்கிழமை
அம்மா திண்டுக்கல்லுக்கும் போய்ச் சேர முடியாதுல்ல?"

பின்னாலிருந்து பௌசியா,
"யாரு என்ன சொன்னது?" என்றாள்.
ஸ்கூட்டர் மூன்றாவது உதைக்கும்
கிளம்பவில்லை.